செம்புக் கம்பியில் அம்மா

பழைய செம்புக் கம்பியைத் தீயில் காட்டும்போது மேல்பூச்சு கருகி எழும் நெடி, நாக்கின் அடியில் கசப்பாக நெடுநேரம் தங்கியிருக்கும். கோம்பையில் எங்கள் அப்பா மோட்டாருக்கு 'காயில்' கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டார்களிலிருந்து உருவிப்போட்ட கம்பிதான் என் அக்கா பேச்சிக்குக் கிடைத்த முதல் உலோகம். பிற்காலத்தில் நகைக் கலைஞர், சிற்பி என்றெல்லாம் அவளைப் பற்றி எழுதினார்கள். கம்பியைக் கையிலெடுத்த அந்த நாட்களில் அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள். நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விடியுமுன்பே கூலியாட்களை ஏற்றிப்போகும் 'ட்ரிப் ஜீப்'பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவாள். காது ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்த அவளுக்கு, அக்கா அந்தக் கம்பியை முறுக்கித் தட்டி ஏலக்காய்க் கொத்துப்போல ஒரு ஜோடி கம்மல் செய்து போட்டுவிட்டாள். ஜீப்பில் வந்த பெண்களெல்லாம், "எங்களுக்கும் பண்ணிக் குடு தாயி" என்று கேட்டு வந்தார்கள்.

அந்த வருட மழையில் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது. அம்மாவைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

வீட்டில் அம்மாவின் புகைப்படம் என்று ஒன்றுகூட இல்லை. அடுத்த கோடையில் என் பள்ளி விடுமுறை முழுக்க அக்கா கொட்டகையில் உட்கார்ந்து கம்பியைப் பின்னிப் பின்னி அம்மாவைச் செய்தாள். எனக்கு அம்மாவின் தாடை என்பதால், "ஆடாம இருடி" என்று அதட்டி நூலால் என் முகத்தை அளப்பாள். கால் நீட்டி உட்கார்ந்து மடியில் ஏலக்காய் பொறுக்கும் அம்மா. கழுத்திலும் கையிலும் அவள் ஒருநாளும் போட்டுப் பார்த்திராத நகைகள். அப்பா தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கடைக்கு வந்த புதுக் கம்பிச் சுருளையே கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

குமுளியில் விடுதி நடத்தியவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். அந்தச் சிலையை வரவேற்பறையில் வைக்க வேண்டும் என்று விலைக்குக் கேட்டார். அக்கா சம்மதித்தாள்.

"ஆத்தாவ வித்துட்டியா?" என்றார் அப்பா.

"இங்கன கெடந்தா நாம மட்டுந்தானப்பா பாப்போம். அங்கன நாலு பேரு பாக்கட்டும்."

அதற்குப்பின் அவர் அவளோடு பேசவில்லை. சிலையைப் பார்த்தவர்கள் மூலமாகத்தான் அவளுக்குக் கொச்சியில் கண்காட்சிகள் அமைந்தன, நகை கேட்டு ஆட்கள் வந்தார்கள், அங்கேயே ஒரு பட்டறையும் அமைந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் விடுதி கைமாறியது. செய்தி தெரிந்து நானும் அக்காவும் ஓடினோம். பழைய சாமான்களையெல்லாம் கம்பத்தில் ஒரு காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கடைக்காரர் எங்களைப் பார்த்துப் பதறிப்போனார்.

"பொம்மைன்னு நெனச்சு வெட்டி, உருக்குறதுக்கு ஏத்திவிட்டோமே தாயி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுக்கி வச்சிருப்பேனே."

வீட்டுக்கு வந்து அக்கா, நோயில் படுத்திருந்த அப்பாவின் கட்டிலருகே நின்று நடந்ததைச் சொன்னாள். அத்தனை வருடங்களுக்கு அப்புறம் அவர் அவளிடம் வாய்திறந்தார்.

"முகமுமா?"

"முகமும்தான்ப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வருடமே இறந்தும்போனார்.

அக்கா இப்போது என்னோடு தேனியில் இருக்கிறாள். கொச்சியிலிருந்து யாராவது போன் செய்தால், இப்போது வேலையில் கை ஓடவில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறாள். கோம்பைக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. விடுதிக்கு வந்தவர்கள் சிலையோடு நின்று படமெடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கலாமென்றால் அவர்கள் எந்த ஊரோ, யாரோ. அம்மாவை நினைத்தால் எனக்கு உயிரோடிருந்த முகம் வருவதில்லை, செம்பு முகம்தான் வருகிறது. இந்த வருடம் அதுவும் சரியாக வரமாட்டேன் என்கிறது. அக்காவுக்கு எப்படி என்று நான் கேட்டதில்லை.