பீடத்தில் வைத்த அரிசி

அன்று காலை குதிரையடியில் நின்றவர்கள் இவர்கள். நான். இடுப்பில் கைப்பிள்ளையோடு என் தங்கை. கோயில் தலைவர். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. கோயில் நாய் எப்போதும் என் பின்னாலேயே ஏறி வரும். அன்று படிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

குதிரை என்றது சிமெண்டுக் குதிரை. எங்கள் தேயிலைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு நான் செய்தது. சரிவின் விளிம்பில் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. அதற்கு நேர் கீழே கீழ் லயம். ஒரே கூரையில் வரிசையாக ஆறு வீடு. கடைசி வீடு என் தங்கையுடையது.

அந்த ஆறு வீட்டுச் சனமும் சில நாளாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக் கிடந்தது. குதிரையின் பீடத்தில் விழுந்த வெடிப்பைப் பார்த்து நான்தான் அவர்களைக் கிளப்பினேன். முந்தின நாள் வெடிப்பின் அகலம் ஒன்பது அரிசி. அன்றும் ஒன்பதே என்றால் எல்லாரும் வீடு திரும்பலாம். பேச்சு அப்படி. மண்டபத்தில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன.

குதிரை என் கைக்கு வந்தது தற்செயல். ஈப்போவிலிருந்து ஒரு சிற்பி வந்தார். கம்பி வளைத்துக் கூடு கட்டினார். கோழிவலை சுற்றினார். பூசத் தொடங்கியதும் எங்கள் பனி அவருக்கு ஒத்துவரவில்லை. அப்பிய சிமெண்டு காயாமல் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சாமானை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கம்பிக் குதிரை மழையில் நின்றது.

அதற்கு முன் நான் பூந்தொட்டி செய்திருக்கிறேன். துளசி மாடம் செய்திருக்கிறேன். கோயில் வாசலுக்கு இரண்டு சிங்கம் செய்தேன். அவை பூனை மாதிரி இருக்கின்றன என்பார்கள். இருக்கட்டும்.

தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பொம்பளை செஞ்சா சாமி குத்தமாயிடாதாக்கா?"

"சாமிய நான் செய்யல. சாமி ஏறுற குதிரையத்தான்."

"அதுவும் பூனையா வந்துடப்போவுது லா."

"வந்தா பால் வைங்க."

சிரித்துவிட்டார். வேலை எனக்கு வந்தது.

பகலில் எனக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் கிடைக்கும் நேரம்தான் குதிரைக்கு. ஒரு மங்கு, ஒரு கிண்ணம், சிமெண்டு குழைப்பேன். அதற்கு மேல் இல்லை. கை சூடேறியதும் இன்னொரு மங்கு போடலாம் என்று ஆசை வரும். போடமாட்டேன். ஆசைப்பட்டு அப்பினால் தன் பாரத்தில் தானே விழும். சிற்பி தோற்றது அதில்தான்.

போனைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். கரண்டியைக் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டேன். எப்போது முடியும் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டால் பாதி முடிந்த மாதிரி மனசு சும்மா உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு பழக்கம் உண்டு. நிறுத்தும் இடத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போவேன். ஈரத்தில் குழி விழும். மறுநாள் வந்ததும் அந்தக் குழியை அடைத்துத் தொடங்குவேன். எங்கே தொடங்குவது என்று யோசித்து நிற்கத் தேவையில்லை. நின்றால் குளிர் ஏறும். குளிர் ஏறினால் வீட்டு அடுப்பு ஞாபகம் வரும்.

குளம்பு வந்தது. கால் வந்தது. மழைக்காலம் ஒன்று போயிற்று. வயிறு, கழுத்து, காது. பிரிஞ்சாங் டவுனிலிருந்து படம் வரைகிற பிள்ளைகள் சிலர் வந்து போனில் பிடித்தார்கள்.

"வேலைக்கும் போய்ட்டு இவ்ளோ பெரிசா எப்படி ஆன்ட்டி முடிச்சீங்க?"

"ஒரு மங்கு."

இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றார்கள். நான் கரண்டி கழுவினேன்.

குதிரை முடிந்து பீடம் பூசும்போது வெடிப்பு வந்தது. மயிர் அளவு. வயிற்றுக்கு நேர் கீழே, குறுக்காக. குளிரில் சிமெண்டு வெடிப்பது உண்டு. அடைத்தேன். மறுநாள் காலை அதே இடம். அடைத்தேன். பிறகு தினமும் மங்கில் பாதி அதற்கே போனது. கை பழகிவிட்டது. பழகின கை கேள்வி கேட்காது.

கோயிலுக்கு மேலே யாரோ காய்கறித் தோட்டத்துக்காக மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண் வாரும் எந்திரம் பகலெல்லாம் உறுமும். பிளாஸ்டிக் கூரைகள் படிப்படியாக ஏறின. கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. கோயில் கால்வாய் தெளிந்து ஓடும். அந்த மாதம் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

தங்கை வீட்டுக் கதவு சாத்த வரவில்லை.

"மழையில மரம் ஊதிடுச்சுக்கா."

அவள் புருஷன் இழைத்துச் சரிசெய்தான். கொஞ்ச நாளில் மறுபடி சாத்த வரவில்லை.

பிறகு அடைமழை. மூன்று நாள் என்னால் கரண்டியைத் தொட முடியவில்லை. கடைசியாக வைத்த கட்டைவிரல் குழி, அடைத்த வெடிப்பின் மேலேயே, பிளாஸ்டிக்குக்குக் கீழ் கிடந்தது. மழை குறைந்த காலை போய் பிளாஸ்டிக்கைத் தூக்கினேன்.

குழி இரண்டாகக் கிடந்தது. பாதி மலைப் பக்கம். பாதி பள்ளத்துப் பக்கம். விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல், என் குழி, பொருந்தவில்லை. பள்ளத்துப் பாதி விலகியது மட்டுமில்லை, கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தது.

கெட்ட சிமெண்டு வெடிக்கும். இறங்காது.

தினமும் அடைத்ததால் எவ்வளவு நகர்ந்தது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அன்று அடைக்கவில்லை. மங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கீழே தங்கை வீட்டுக் கூரையில் புகை. பிள்ளைக்கு வெந்நீர் வைக்கிறாள்.

தலைவர் வந்து பார்த்தார்.

"பூசி விடுங்கக்கா. மேல பெயிண்ட் அடிச்சா தெரியாது. திருவிழாவுக்கு ஆள் சொல்லியாச்சு."

"தெரியணும்."

"என்னா தெரியணும்?"

"மலை எறங்குது."

"குதிரை செஞ்ச ஆளு குதிரையப் பேசுங்க. மலைய தொரை பேசுவாரு."

துரை என்பது எங்கள் மானேஜர். கிராணி மூலம் சொல்லி அனுப்பினேன். பதிலும் கிராணி மூலம் வந்தது. மண் பார்க்க டவுனிலிருந்து ஆள் வரவேண்டும், நாள் ஆகும், பயப்படுகிறவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம். பயப்படுகிறேன் என்று யார் சொல்லிக்கொண்டு வருவார்கள்?

நான் தங்கை வீட்டுக்குப் போனேன். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு வந்தது. பொழுது சாயுமுன் ஆறு வீடும் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து காலையில் வேறு வேலை. ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து வைத்தேன். தினமும் அதே அரிசி. அதே நேரம். குழியின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிவரை அரிசியை ஒட்டி ஒட்டிப் பக்கவாட்டில் வைப்பேன். முதல் நாள் மூன்று பிடித்தது. பிறகு கூடியது. மழை விட்டதும் ஒன்பதில் நின்றது. இரண்டு காலை ஒன்பது.

மண்டபத்தில் பொறுமை போய்விட்டது. சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். பிள்ளைகளுக்கு இருமல். சமையலுக்கு ஒரே அடுப்பு. தங்கைதான் அதிகம் பேசினாள்.

"ஒன் குதிரைக்குக் கால் வலிச்சா எண்ணெய் தேய்ச்சு விடு. எங்கள ஏன்க்கா தரையில போட்டு வாட்டுற?"

"ஒன் வீட்டுக் கதவு சாத்துதா?"

"சாத்தலன்னா தொறந்து போட்டுப் படுக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவளை விடவில்லை.

தலைவர் எழுந்தார். "நாளைக்கும் ஒம்போதுன்னா மலை நின்னுடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம். ஆனா அக்கா வைக்க வேணாம். அக்கா அரிசிய நெருக்கி நெருக்கி வச்சு கணக்கக் கூட்டும்."

"தங்கச்சி வைக்கட்டும்," என்றார் கிராணி. "நான் எண்ணுறேன். தொரைகிட்ட நானே சொல்லிடுறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கை அவளுக்குப் பொய் சொல்லாது.

அப்படித்தான் அன்று காலை அங்கே நின்றோம். மழை இல்லை. பனி மட்டும். மேலே எந்திரம் இன்னும் தொடங்கவில்லை. கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. மழை விட்டாலும் ஒரு வாரம் ஓடும் கால்வாய் அது. மலைக்குள்ளே போன தண்ணீர் வேறு எங்கோ போகிறது.

அதைச் சொன்னால் நெருக்கி வைப்பவள் பேச்சு என்பார்கள்.

தங்கை பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். பீடத்தடியில் மண்டியிட்டாள். துணி முடிச்சை அவிழ்த்து ஒன்பது அரிசியை எண்ணி எடுத்துக்கொண்டு, முடிச்சை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இனித் தேவையில்லை என்பதுபோல.

அவள் வைக்க வைக்க கிராணி சத்தமாக எண்ணினார். நான் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிள்ளை என் காதைப் பிடித்து இழுத்தது.

"ஒம்போது," என்றார் கிராணி.

"ஆங். வாங்க, போலாம்." தலைவர் படியை நோக்கித் திரும்பிவிட்டார்.

தங்கை எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டினாள். முடிச்சை அவிழ்த்து அதில் அரிசியைக் கொட்டினேன்.

தலைவர் படியில் நின்றார். கிராணி விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினார். இம்முறை சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடைசி அரிசி பள்ளத்துப் பாதியைத் தொட்டதும் வாய்விட்டுச் சொன்னார்.

பதின்மூன்று.