வயிற்றைச் சில்லறைக் கடை என்ற அருள்மேரி டீச்சர்

அருள்மேரி டீச்சர் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியர்தான் போனில் அழைத்தார். "டீச்சர், நம்ம அருள்மேரி டீச்சர் போயிட்டாக. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்றார். கையில் சுற்றிய நாரைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உத்தமபாளையத்தில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் நெடுங்காலம் இருந்தோம். நான் கணக்கு, அவர் விலங்கியல். ராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரை அறிந்தவர்களுக்கு அந்த மதியச் சாப்பாட்டு நேரம் மறந்திருக்காது. அடுத்தவர் டப்பாவை எட்டிப் பார்க்கக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள். அவரை யாரும் அப்படி வளர்க்கவில்லை போலிருக்கிறது. "இன்னைக்கும் வெள்ளைச் சோறும் அப்பளமுமா? காய் எங்கன?" என்று மேசை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வருவார். அதோடு விடுவாரா? "காலையில வெளிக்கு ஒழுங்காப் போகுதா?" என்று தலைமை ஆசிரியரையே ஒருமுறை கேட்டுவிட்டார். அவருக்குப் புரையேறிவிட்டது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம்.

பன்னீர் திராட்சையை நம் பக்கத்து ஆட்கள் எப்படித் தின்போம்? சதையை வாய்க்குள் பிதுக்கிவிட்டுத் தோலை வீசிவிடுவோம். கொடிக்கு மருந்து அடிப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தோலைத் தின்ன மனம் வராது. அருள்மேரி டீச்சர் மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, தோலோடு மென்று தின்பார். "நார்ச்சத்தைத் துப்பிட்டு இனிப்புத் தண்ணியை மட்டும் முழுங்குறீகளே" என்று எங்களைத் திட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு திராட்சையைக்கூட நிம்மதியாகத் தின்ன விடமாட்டாரா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இந்த எரிச்சலெல்லாம் என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்வரைதான். அவர் தேனியில் பழ மண்டி வைத்திருக்கிறார். கண்ணெதிரே கூடை கூடையாகப் பழம் இறங்கும், ஒன்றைத் தொடமாட்டார். காலையில் டீ, மதியம் கறிச்சோறு, ராத்திரி பரோட்டா. தண்ணீர் என்பது கை கழுவ மட்டும். மலச்சிக்கல் வருஷக்கணக்கில் இருந்தது. பிறகு ரத்தம் போகத் தொடங்கியது. "வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். டாக்டரிடம் போகலாம் என்றால் சீறி விழுந்தார். காரணம் மானம் மட்டுமில்லை. அவருடைய அப்பா குடலில் கட்டி வந்துதான் இறந்தார். தனக்கும் அதுதான் என்று இவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னையும் மீறி அழுகை வந்துவிட்டது. அருள்மேரி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, ரத்தம் போகுதாமே?"

இவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"அக்காவை ஏன் முறைக்கிறீக? ரத்தம் போறப்ப கீரையும் பழமும் தின்னுட்டு வீட்ல உக்காந்திருக்கக் கூடாது. முதல்ல டாக்டர். என்னன்னு தெரிஞ்சுக்கிருவோம். பயமா இருந்தா நானும் கூட வாரேன்."

பயம் என்ற சொல்லை இவர் முன்னால் அதுவரை யாரும் சொன்னதில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் டீச்சரம்மா ஆரம்பிச்சது" என்றார். மறுநாள் மூவரும் போனோம். சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கட்டி இல்லை, மூலம்தான் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து, நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மொத்த வியாபாரி அல்லவா! ஒரே நாளில் கொய்யா, வாழைப்பூ, முருங்கைக்கீரை, மொச்சைச் சுண்டல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். வயிறு பானையாக ஊதி, இரண்டு நாள் மண்டிக்குப் போகவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு, "நல்லா இருந்தவனைக் கெடுத்துப்புட்டீகளே" என்று கத்தினார்.

டீச்சர் கோபப்படவில்லை. "வயிறு சில்லறைக் கடைண்ணே. மொத்தமா இறக்குனா வைக்க எடமிருக்காது. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கூட்டணும். தண்ணியும் கூடவே கூட்டணும், இல்லேன்னா உள்ள கெட்டிப்பட்டுப்போகும்" என்றார். பிறகு, "உங்களுக்கு எது பிடிக்கும்னு சொல்லுங்க. பிடிக்காததைச் சொன்னா நாலு நாள்தான் தின்பீக" என்று கேட்டார். மொச்சைக் குழம்பு பிடிக்கும் என்றார் இவர். அதிலிருந்தே தொடங்கினார் டீச்சர். அது பழகிய பிறகு, மாலை வடைக்குப் பதில் ஒரு கொய்யா. அப்புறம், வடிகட்டிய ஜூஸை விட்டுவிட்டு முழுப் பழம். ஒரு வேளைச் சோற்றுக்குக் குமுளிப் பக்கத்துத் தவிடு போகாத சிவப்பு மட்டை அரிசி. பரோட்டாவை அவர் நிறுத்தச் சொல்லவேயில்லை. "என்னைக்காவது தின்னுக்கங்க, தொட்டுக்க ஒரு காய் இருக்கட்டும்" என்பார். தொந்தரவு மெல்ல மெல்லக் குறைந்தது.

ராயப்பன்பட்டியில் அடக்கம் முடிந்ததும், யாராவது நாலு வார்த்தை பேசலாம் என்றார்கள். பள்ளி சார்பில் நான் எழுந்தேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போய் நின்றுவிட்டார். மேடை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர்.

"எனக்கு மூலம். ரத்தம் போச்சு. வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. செத்துருவேன்னு நினைச்சுக்கிட்டே கடையில உக்காந்திருந்தேன். இந்த டீச்சரம்மாதான் வீடு தேடி வந்து கேட்டாக" என்றார். அவ்வளவுதான், கும்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் இவரைத் தனியே இழுத்தார். முன்பின் தெரியாத ஆள். "அண்ணே, எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான். வீட்ல சொல்லல" என்றார் மெதுவாக. இவர் அந்த ஆளின் தோளில் கை போட்டு, "நாளைக்குக் காலையில கிளம்பி இருங்க. நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீக" என்றார்.

அருள்மேரி டீச்சரிடமிருந்து நான் எத்தனையோ சமையல் கற்றேன். ஆனால் எனக்கென்று வைத்துக்கொள்ள நினைப்பது அவருடைய கூச்சமில்லாத வாயைத்தான். பக்கத்தில் இருப்பவர் முகம் வாடியிருந்தால் இப்போது நானும் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது எனக்கு இன்னும் நாக்கு குழறுகிறது.