பூச்சுக்குள் போன பன்னிரண்டு வார்த்தைகள்

முத்தியால்பேட்டையில் எழும்பிய ஓர் அடுக்குமாடிக்கு நான் சைட் கிளார்க். ஒருநாள் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாள், எங்கள் சித்தாள் ஒருத்தியின் ஆதார் ஜெராக்ஸ். அவள் முகமெல்லாம் எண்ணெய். எனக்கு வடை இறங்கவில்லை.

அதனால் ஆபீஸில் பிளாக்செயின் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது நான் முணுமுணுக்கவில்லை. ஆட்களின் விவரங்களைப் பூட்டி, பல கணினிகளில் சங்கிலியாகக் கோத்து வைப்பார்களாம். அவரவர் சாவி இல்லாமல் முதலாளிகூடப் பார்க்க முடியாது. சாவி என்பது பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள்; ஆளுக்கொரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நாற்பது பேரின் முகவரி, வீட்டாரின் போன் நம்பர், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் வெயிலில் உட்கார்ந்து நானே டைப் செய்தேன். பழைய ஜெராக்ஸ்களை நானே கிழித்தேன். தாள் எதுவும் வெளியே போகக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

கட்டட வேலையில் எதையும் எழுதும் இடம் செங்கல் சுவர்தான். மட்டக் குறி, மணல் லோடு, பிளம்பர் நம்பர் எல்லாம் அங்கேதான். விழுப்புரம் பக்கமிருந்து தனியாக வந்த கொத்தனார் ஒருவர், தன் வார்த்தைகளை மூன்றாம் மாடிச் சுவரில் எழுத்துக்கு எழுத்து பென்சிலால் வரைந்துவிட்டு, தாளைக் கிழித்துப்போட்டார்.

"நீங்கதான சார் சொன்னீங்க" என்றார். எனக்கு அலுப்பு. விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் சாரம் சரிந்து அவர் விழுந்தார். நினைவு தப்பிவிட்டது. போனும் நொறுங்கிவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வீட்டு ஆட்கள் யார், ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று கேட்டார்கள். சைட்டில் யாருக்கும் தெரியவில்லை. நாற்பது பேரில் யாரோ ஒருவருக்கு ஓர் ஊசி ஆகாது என்று டைப் செய்த ஞாபகம் இருந்தது. யாருக்கு என்பதுதான் ஞாபகம் இல்லை.

ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"சாவி இல்லாம எங்களாலயும் தெறக்க முடியாது சார். அதுக்குத்தான இந்த ஏற்பாடே."

அந்தப் பையன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சைட்டுக்குத் திரும்பி மூன்று மாடி ஏறினேன். சுவர் வழவழவென்று இருந்தது. போன வாரம் அவரே பூசியதாம். உளி வைத்துத் தட்டிப் பார்த்தோம். பென்சில் எழுத்து சிமென்ட்டோடு பெயர்ந்து பொடியாக உதிர்ந்தது. நல்ல வேலைக்காரர், அழுத்தமாகப் பூசியிருந்தார்.

பிழைத்தது சிம் கார்டு மட்டும். அதில் ஒரு நம்பரும் இல்லை. என் போனில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். உடம்பு கெஞ்சியது. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது.

ஆறு மணிக்கு அழைப்பு வந்தது.

"டீ குடிச்சியா?" என்றது ஒரு பெண் குரல்.

நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி அழவில்லை.

"அவருக்குப் பென்சிலின் ஊசி ஆவாது சார். சைட்ல எல்லாம் எழுதிக்கினாங்கன்னு சொன்னாரே. டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல?"

எழுதிக்கொண்டவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே வார்டுக்கு ஓடினேன்.