புள்ளி விழாத ஒரு சாண்

புள்ளி புள்ளியாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கிக் காயவைத்த சுங்குடித் துணியை இருவர் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். இன்று காலை என் பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டதும் எட்டு வயதுச் சிறுமியாகச் சின்னாளப்பட்டி வீட்டில் நின்றேன்.

அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். சிவப்புச் சேலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பூத்தன. நடுவில் ஒரு சாண் மட்டும் வெறும் சிவப்பு. முடிச்சு தளர்ந்தால் சாயம் உள்ளே இறங்கிவிடும்.

"இந்த எடத்துல கட்டுனியா இல்லையா?" அப்பா கத்தினார்.

"கட்டுனேன். சின்னவனத் தூக்கிக்கிட்டு நீங்க திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் கட்டுனது."

அப்பாவின் கையிலிருந்து துணி நழுவியது. காய்ச்சலோடு போன தம்பி திரும்பி வரவேயில்லை.

இத்தனை வருடம் கழித்து, விலைபோகாத அந்தச் சேலையிலிருந்து அந்தச் சாணை மட்டும் வெட்டி, என் துணிச்சித்திரத்தின் நடுவில் தைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் நல்ல உத்தி என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

இன்று மத்தியானம் அம்மா பட்டறைக்கு வந்தாள். வெகுநேரம் அந்தச் சிவப்பைத் தடவினாள். நகநுனியால் துணியை நிமிண்டித் தூக்கி, முடிச்சுப் போட நூலுக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். உடனே திருப்பித் தந்துவிட்டாள்.

"வேணாம்டி. சாயம் ஏறிப்போச்சு. இனிமே கட்டுனாலும் புள்ளி விழாது."