தவணை தவறாத கமலி

கமலியைக் குளவி கொட்டிவிட்டது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஹாலிஎலயிலிருந்து போனில் சொன்னார்கள். "அப்ப இந்த மாசக் காசு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவளோடு மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தவர்கள் இதைப் படிப்பீர்கள். என்னைத் திட்டுங்கள்.

என் புருசன் என்னையும் மகளையும் விட்டுவிட்டு அவளோடு போய்ச் சேர்ந்தவன். பதுளை கோர்ட்டில் தாபரிப்பு வழக்குப் போட்டேன். தோட்ட வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு, வருமானமே இல்லை என்று கிழிந்த சட்டையோடு வந்து நின்றான். பிள்ளைச் செலவுக்கு மாதம் ஏழாயிரம் என்று நீதவான் தீர்த்தார். மூன்று மாதம் ஒரு சதம் வரவில்லை. பிடியாணை போட்டு அவனைப் பிடித்து வந்த அன்று, கமலி ஓடி வந்து மொத்தத்தையும் கட்டி மீட்டாள். காதில் தோடு இல்லை. ஓட்டை மூடாமலிருக்க ஈர்க்கு செருகியிருந்தாள்.

"எங்கடி தோடு? அவன் குடிச்சிட்டானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஆமாக்கா, ஒரே மடக்குல குடிச்சிட்டாரு," என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அவள்தான் கோர்ட்டுக்கு வந்து கட்டினாள். "அவருக்கு வேலைக்கா, எங்கிட்டக் குடுத்து விட்டாரு" என்பாள். ஒருமுறை என் மகளின் தலையைத் தடவி, "சித்தின்னு கூப்பிடு சாமி" என்றாள். "யாருக்கு யாருடி சித்தி?" என்று கையைத் தட்டிவிட்டேன். "கூப்பிடாட்டிப் போகுது. தவணைக்கு மட்டும் வந்துருங்க" என்றாள்.

ஒரு மாதமும் தவறாமல் காசு வந்ததுதான் என்னை ஏமாற்றியது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறவனிடம் இன்னும் இருக்கும் என்று நினைத்தேன். மகள் பெரிய வகுப்புக்குப் போனதும் கூட்டித் தரச்சொல்லி மனுப் போட்டேன். தன்னால் முடியாது என்றான். முடியாதவர் எப்படி ஒரு மாதமும் தவறாமல் கட்டினீர் என்று நீதவான் கேட்டார். மாதத் தவணை பன்னிரண்டாயிரம் ஆனது.

"ரொம்பத்தான் ஏத்திட்டீங்கக்கா," என்றாள் கமலி வெளியில்.

"ஒனக்கு ஏன்டி வயிறு எரியுது?" என்றேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். கமலியின் முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. காதில் அதே ஈர்க்கு. அவளோடு கொழுந்தெடுத்த ஒருத்தி என் காதோரம் சொன்னாள்: "அவன் ஒரு சதம் குடுக்கல. எல்லாம் இவ ஒழச்ச காசு. தோடும் ஒங்க கேசுக்குத்தான் அடகுக்குப் போச்சு. 'அவர மறியல்ல அடச்சிட்டா எம் பிள்ளயும் அக்கா பிள்ள மாதிரி அப்பன் இல்லாம நிக்கும்'னு சொல்லுவா. நீங்க கூட்டினதுக்கப்புறந்தான் ஞாயித்துக்கெழமையும் கைக்காசுக்குப் போனா." லயத்தில் எல்லாரும் ஓய்ந்திருந்த அந்த ஞாயிறு, கிலோக் கணக்கில் கைக்காசு கிடைக்கும் என்று மலையில் நின்றவளைத்தான் குளவி கொட்டியிருக்கிறது.

பிணத்துக்குப் பக்கத்திலேயே அவன் வந்து, "இனி யாரு கட்டுறது? கேச வாபஸ் வாங்கிரு," என்றான். கமலியின் ஐந்து வயது மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் வாபஸ் வாங்கவில்லை. கமலியின் அம்மாவைக் கூட்டிப்போய், அந்தப் பிள்ளைக்கும் அவன் மேல் வழக்குப் போட வைத்தேன்.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் கட்டிய பன்னிரண்டாயிரம் கோர்ட்டில் கிடந்தது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று விட எனக்கு வசதியில்லை. அதில் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினேன். கமலியுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சப்பாத்துதான்.

"அப்பா குடுத்த காசாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. கமலி சித்தி குடுத்தது."

அவள் சப்பாத்து நாடாவை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளச் சித்தின்னு சொன்னா வாயில சூடு வைப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க?"