ஆல்டோ பாடிக்கொண்டே எடுத்த படங்கள்

கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது என்ன கேமராவா, குக்கரா?" என்றாள். குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அம்மாவின் வாயைவிட்டுத் திருநெல்வேலி போகவில்லை. லென்ஸைப் பூட்டி அடுப்படித் தராசில் வைத்தேன். இரண்டு கிலோவைத் தொட்டது. எனக்கோ தாங்க முடியாத பெருமை!

கோட்டி பஜாரின் கேமராக் கடைக்காரர் கடைசிவரை என்னோடு மல்லுக்கட்டினார். "கைக்கு மேடம், கைக்கு?" என்று, அதாவது "ஏன், ஏன்" என்று, ஊர் உருதுவில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் இத்தனை கனத்தைச் சுமக்க வேண்டும், கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று. எடுத்துப் பார்த்தேனே! பட்டனை அழுத்தினதும் அந்த லேசான சாமான் கையிலேயே துள்ளியது. என் கை வேறு, சந்தோஷம் வந்தாலே நடுங்குகிற கை. இந்தக் குண்டன் அப்படி இல்லை. இடது உள்ளங்கையில் உட்கார்ந்தான் என்றால் அசைய மாட்டான்.

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, கைநடுக்கத்தைச் சரிக்கட்டுவதற்கு. அதைப் போட்டுவிட்டுப் பட்டனைப் பாதி அழுத்தினால் உள்ளே மெல்லிசாக ஒரு முனகல் கேட்கும். அவ்வளவுதான், கேமராக் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் கப்பென்று நின்றுவிடும். ஐயோ, அந்தச் சுகத்தை என்ன சொல்ல! எங்கள் போலாரம் வீட்டில் பட்டப்பகலில் ஜன்னலை எல்லாம் சாத்தி, அரையிருட்டில் காஸ் சிலிண்டரைப் படம் எடுத்தேன். சிலிண்டரில் பொறித்த எழுத்து அட்சரம் பிசகாமல் தெரிந்தது. தனியாக நின்று கைகொட்டிச் சிரித்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்த வேண்டும் என்று படித்திருந்தேன். அன்று முழுக்க வீட்டுக்குள் அப்படியேதான் நடமாடினேன்.

இத்தனையும் என் தங்கச்சியின் கல்யாணத்துக்காக. கேமராவைக் கண்டால் போதும், அவள் முகம் மரக்கட்டை ஆகிவிடும். நிச்சயதார்த்தத்தில் போட்டோகிராபர் "ஸ்மைல் மேடம், ஸ்மைல்" என்று கெஞ்சி எடுத்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு நிஜமாகவே அழுதாள். "ஒரு படத்துலகூட நான் இல்லக்கா. யாரோ பொம்மை நிக்குது. கல்யாணத்துக்கு வெளியாளே வேண்டாம், நீ எடு. ஒரே ஒரு படம் போதும், அதுல நான் நானா இருக்கணும்." கல்யாணம் முடிந்த மறுநாளே மாப்பிள்ளையோடு புனே போகிறவள் கேட்கிறாள். மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

எங்கள் போதகர் ஐயா வேறு ரொம்பக் கறார். ஆராதனையில் ஒரே ஒரு கேமராதான், செல்போனை எவரும் வெளியே எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, ஸ்டாண்ட் கூடவே கூடாது. சர்ச்சோ பழைய கட்டடம், அன்றைக்குப் பார்த்து மழை இருட்டு. எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பீடத்தின் ஓரமாக நின்று எடுத்தேன் பாருங்கள், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன்! தங்கச்சி உள்ளே நடந்து வந்தபோது எடுத்தேன். தாலி கட்டும்போது சபையே எழுந்து நின்று பாட, கண்ணில் தண்ணீர் வழிய எடுத்தேன். சத்தம் வராத ஷட்டர் என்பதால் ஜெபம் நடக்கும்போதும் விடவில்லை.

சர்ச்சின் பின்னால் இருந்த ஹாலில் பிரியாணி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டு முதல் படத்தைத் திறந்தேன். வெள்ளையாக ஏதோ புகை. அடுத்ததும் புகை. தாலி கட்டின படத்தில் மாப்பிள்ளைக்கு மூன்று மூக்கு! சுவிட்சைப் பார்த்தேன், போட்டபடிதான் இருந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நான் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல். பாட்டு எடுத்தார்கள் என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது, உடம்பும் நிற்காது. விலாவில் முழங்கையை ஒட்டிவைத்து, கேமராவை நெற்றியோடு சேர்த்துப் பிடித்து, தாளத்துக்கு ஆடி ஆடி முழுத் தொண்டையில் பாடிக்கொண்டே எடுத்திருக்கிறேன்! கைநடுக்கம் என்றால் லென்ஸ் தாங்கும், கச்சேரியை எப்படித் தாங்கும்?

ஜெபத்தின்போது எடுத்தவை மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. சேலையின் ஜரிகைகூட எண்ணலாம். ஆனால் எல்லாருக்கும் கண் மூடியிருந்தது! எங்கள் வீட்டில் ஜெபத்தில் கண்ணைத் திறப்பது பெரிய குற்றம். சின்னப் பிள்ளையில் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். தூங்கி வழிகிற சபைபோல் படத்துக்குப் படம் மூடிய கண்கள். தங்கச்சி என்னைத் தேடி வருவதைப் பார்த்தேன். ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

கை தன்பாட்டுக்குப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு படத்தில் நின்றது. முழங்காலில் நிற்கிறார்கள் இருவரும். எவரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தங்கச்சி கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்க்க, அவரும் அதே நேரம் திறந்து இவளைப் பார்க்க, திருட்டுத்தனம் பிடிபட்ட சிரிப்பு இருவருக்கும் உதட்டுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"ஹவ்க்கா, ஆமாக்கா!" அதற்குள் பக்கத்தில் வந்துவிட்ட தங்கச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இது நான்தான்! நானேதான்!" நான் நாற்காலியைவிட்டு எழுந்தேன், இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அடுத்த நிமிஷமே அவள் முகம் மாறியது. "நக்கோக்கா, வேண்டாம், அம்மாகிட்ட மட்டும் காட்டிராத."

அம்மா எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஜெபத்துல கண்ண முழிச்சிக்கிட்டா இருந்தீய? வெக்கமா இல்ல?" பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நீயும் முழிச்சிருந்தியாட்டி?" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தங்கச்சி எட்டி, படத்தைப் பெரிதாக்கி மேலே நகர்த்தினாள். மணமக்களுக்குப் பின்னால், முதல் வரிசையில், குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருப்பது தெரிந்தது. அவை தங்கச்சியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன.

"யம்மா, இது யாரு?"

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு இவ போயிருவா," என்றாள். "பின்ன எப்படிட்டி கண்ண மூடுவேன்?"