இருபதா, நாற்பதா

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் எனக்குத் தையல் வேலை. மேல்தோலின் பக்கவாட்டுத் தையல் மட்டும் என் பங்கு. ஒரு முழு ஷூவை என் கையால் செய்தது ஒருநாளும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஆலங்காயம் பக்கத்து ஏரியில் அந்தப் பெரிய விரால் மீனைக் கண்டதிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். இதையாவது முழுசாக நானே செய்ய வேண்டும். நானே கண்டுபிடித்து, நானே தூண்டில் முள் கட்டி, நானே கரையேற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மதகுக்குப் பக்கத்தில் கோரை அடர்ந்த மூலையில் அது மூச்சு வாங்க மேலே வரும். முதுகில் வெள்ளையாக ஒரு தழும்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமை காத்துக் கிடந்து அதன் இடத்தைப் பிடித்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒருவனிடம் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் நூல் கொடுக்கும் ஸ்டோர்காரன், பன்னிரண்டு வருடச் சிநேகிதன், அடிக்கடி என்னோடு தூண்டில் போடுகிறவன். அவன் நீட்டும் நூல்கண்டின் சீட்டை நான் படித்ததே இல்லை. இருபது என்பான், அப்படியே மெஷினில் மாட்டுவேன்.

அதுவரை அவனுடைய மூங்கில் கோல்தான் எனக்கு இரவல். விராலை அது தாங்காது என்று, இருவரும் ஒரே வண்டியில் வேலூர் லாங் பஜாருக்குப் போனோம். கோல் எடுத்தோம், ரீல் எடுத்தோம், முள் எடுத்தோம். கடைசியில் நரம்பு, அதாவது முள்ளைக் கட்டுகிற நைலான். "இருபதா, நாப்பதா?" என்று கடைக்காரர் இரண்டு டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

தோல் தைக்கிறவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. எங்கள் நூலில் எண் ஏற ஏற மெல்லிசு. இருபதுதான் முரட்டு நூல். இருந்தாலும் அவனிடம் கேட்டேன்.

"இதுவும் நம்ம நூல் மாதிரிதானப்பா?"

"அதே கணக்குதான். பெரிய மீனு, நீ இருபதே வாங்கிக்க. எனக்கு நாப்பது போதும். நான் கெண்டைதான புடிக்கப் போறேன்."

ஐயோ பாவம், மெல்லிசை வாங்குகிறானே என்று அவனுக்காக இரக்கப்பட்ட புத்திசாலி நான்.

வீட்டில் முள் கட்டும்போதே விரல் சொன்னது, இருபது இவ்வளவு மெல்லிசாகவா இருக்கும் என்று. அவன் சொன்னான் என்பதற்காக விரலை நம்பவில்லை.

ஞாயிறு காலை விரால் கவ்வியது. கோல் வளைந்து, தழும்பு தண்ணீருக்கு மேலே ஒரு முறை தெரிந்தது. இழுத்தேன். கை லேசாகிவிட்டது. அறுந்த நரம்பு காற்றில் ஆடியது. "நசீபு அவ்ளோதான் மச்சான், வுடு" என்று பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த அவன் என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

புதன்கிழமை அவன் லீவு. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் விரால். முதுகில் அதே தழும்பு. வாயில் இரண்டு முள், ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. இரண்டிலும் துண்டு நரம்பு தொங்கியது. இரண்டையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தேன். அவனுடையது இரு மடங்கு தடிமன். நரம்பில் கணக்கே தலைகீழ், எண் ஏறினால் தடிமனும் ஏறும். நாள் முழுக்க எண் பார்த்தே பிழைக்கிறவனுக்கா அது தெரியாது?

"உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

தரையைப் பார்த்தான். "தெரியும். சொல்லியிருந்தா உனக்குப் போயிருக்கும். நானும் இத்தினி வருசமா பெருசா ஒண்ணும் புடிச்சதில்ல மச்சான்." மீனைத் தூக்கிக் காட்டி, "பாதி வெட்டித் தரேன், வச்சிக்க" என்றான்.

கூடவே இருந்து குழி பறிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பறித்த மண்ணில் பாதி தருகிறேன் என்றவனை அன்றுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லி, என் முள்ளை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். மீன் போனால் போகட்டும், ஏரியில் மீனுக்கா பஞ்சம். நான் வாய்விட்டுக் கேட்டேனே, கேட்ட பிறகும் அப்படிச் சொன்னானே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை ஸ்டோர் ஜன்னலில் எப்போதும்போல நூல்கண்டை நீட்டினான். "இருபது" என்றான்.

வாங்கித் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இருபதுதான். நான் படித்ததை அவன் பார்த்தான். நீட்டிய கையை உள்ளே இழுக்காமல் அப்படியே நின்றான். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த பெண், "நகருங்கண்ணா, டைம் ஆவுது" என்றாள்.